விரைவீக்கத்துக்கு ஆபரேஷன் கட்டாயமா, தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான். வயது 32. வலது பக்க விரைப்பை ஒன்றரை வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வருகிறது, வலி இல்லை. ஸ்கேனில் ஹைட்ரோசீல் என்று வந்திருக்கிறது, டாக்டர் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார். ஆபரேஷன் இல்லாமல் தானாகப் போகுமா என்பது உங்கள் முதல் கேள்வி. ஊரில் ஒருவர் ஊசி போட்டு நீரை எடுத்தாலே போதும் என்கிறார். இன்னொருவர் கழற்சிக்காய் அரைத்துப் போடச் சொல்லியிருக்கிறார். வைகாசியில் கல்யாணம், அதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. கடைசியில், ஐந்து மாதக் குழந்தையான அக்கா மகனுக்கும் இதே வீக்கம் இருக்கிறது, இது பரம்பரையாக வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருக்கும் கேள்வி, எனக்குக் குழந்தை பிறக்குமா என்பதுதான் என்று தோன்றுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விரையைச் சுற்றி நீர் கோத்திருப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால், ஆண்மைக்கு அதனால் ஒரு குறையும் வராது. குழந்தை பிறப்பதற்கும் பெரும்பாலும் தடையில்லை. அந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லை ஏன் போட்டேன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

நான் பொது அறுவை மருத்துவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி காவிரி டெல்டா பக்கத்து அரசு மருத்துவமனைகளில் போனது. அந்தப் பகுதியில் விரைவீக்கம் அன்றாட நோய், வாரத்தின் ஆபரேஷன் பட்டியலில் அது இல்லாமல் இருக்காது. ஆனால் உங்களை நான் கையால் தொட்டுப் பார்க்கவில்லை, ஸ்கேன் படத்தையும் பார்க்கவில்லை. அதனால் நோயைப் பற்றித் தெளிவாகச் சொல்ல முடியும், உங்கள் உடம்பில் இருப்பது இதுதான் என்று உறுதி சொல்ல முடியாது.

விரையைச் சுற்றி இரண்டு மடிப்பாக ஒரு மெல்லிய உறை இருக்கிறது. இரண்டு மடிப்புக்கும் நடுவே எப்போதுமே சிறிது நீர் சுரக்கும், சுரந்தது மறுபடி உறிஞ்சப்பட்டுவிடும். விரை உராயாமல் நகர்வதற்கு அந்த நீர் வேண்டும். சுரப்பது கூடினாலோ உறிஞ்சுவது குறைந்தாலோ நீர் தேங்குகிறது, அதுதான் ஹைட்ரோசீல். நாற்பது வயதுக்கு மேல் வருபவற்றில் பலவற்றுக்குத் தனியாக ஒரு காரணம் அகப்படுவதில்லை. மற்றவர்களுக்கு அடிபட்டது, விரையிலோ அதன் பின்புறக் குழாயிலோ கிருமித்தொற்று வந்தது, முன்பு குடலிறக்கத்துக்கோ வெரிகோசீலுக்கோ (விரைப்பை ரத்தநாளங்கள் புடைத்து வீங்குவது) ஆபரேஷன் செய்தது, யானைக்கால் புழு என்று ஏதாவது ஒரு பின்னணி இருக்கும். தண்ணீர் நிறையக் குடித்ததாலோ உடம்புச் சூட்டாலோ இது வருவதில்லை. வெளிநோயாளிப் பிரிவில் தினமும் யாராவது ஒருவர் கேட்பதால் சொல்கிறேன்: நீங்கள் செய்த எந்தத் தவறாலும் இது வரவில்லை.

சரி, நீர் மட்டும்தானா என்பதை எப்படி உறுதி செய்வது? நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இந்த இடத்தைத்தான். மருத்துவர் முதலில் வீக்கத்தின் மேல்பக்கத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பார்ப்பார். விரல்கள் வீக்கத்துக்கு மேலே ஒன்று சேர்ந்தால் வீக்கம் விரைப்பையோடு நிற்கிறது என்று பொருள். சேராமல், வீக்கம் தொடையிடுக்குக்குள் ஏறிப்போனால் குடலிறக்கமாக இருக்கலாம். இருமச் சொன்னால் கையில் ஓர் உந்தல் தெரியும். அடுத்தது, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை வீக்கத்தின் பின்பக்கமாக ஒட்டிப் பிடிப்பது. தெளிந்த நீராக இருந்தால், செம்பருத்தி இதழை வெயிலில் பிடித்ததுபோல வீக்கம் முழுவதும் சிவந்து ஒளிரும், விரை மட்டும் ஒரு பக்கத்தில் நிழலாகத் தெரியும். ரத்தமோ சீழோ கட்டியோ இருந்தால் ஒளி கடக்காது. உறை தடித்துப்போன பழைய ஹைட்ரோசீலிலும் கடக்காமல் போகலாம், கைக்குழந்தையின் குடலிறக்கமே சில நேரம் ஒளிரும். ஆகவே டார்ச் ஒரு துணைதான், தீர்ப்பு ஸ்கேனில்தான்.

உங்கள் ஸ்கேன் அறிக்கையை எடுத்து, விரையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'ஹைட்ரோசீல்' என்ற ஒரு சொல் போதாது. இரண்டு விரைகளும் இயல்பான அளவில், உள்ளே கட்டி எதுவும் இல்லாமல் இருக்கின்றன என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். உங்கள் வயதில் இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், விரையில் வரும் புற்றுநோய் பதினைந்திலிருந்து நாற்பது வயதுக்குள்தான் அதிகம். சிலருக்கு அந்தக் கட்டியின் எதிர்வினையாகச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும், நீர் மறைப்பதால் கட்டி கைக்குத் தட்டுப்படாது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அப்படி இருப்பவர்கள் குறைவு. இருந்தாலும், சீக்கிரம் கண்டுபிடித்தால் மிக நன்றாகக் குணமாகும் புற்றுநோய்களில் அது ஒன்று. ஆனால் அதற்கான ஆபரேஷன் தொடையிடுக்கு வழியாகச் செய்யப்படுவது. விரைப்பையில் ஊசி குத்திவிட்டாலோ அந்த வழியாகக் கத்தி வைத்துவிட்டாலோ சிகிச்சை சிக்கலாகிவிடும். விரையை ஸ்கேனில் பார்த்து உறுதிசெய்யாமல் யாரையும் ஊசி போட விடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

யானைக்கால் நோயையும் இங்கே விட முடியாது. கியூலெக்ஸ் கொசு பரப்பும் பைலேரியா புழு நிணநீர்க் குழாய்களுக்குள் தங்கி அவற்றை விரித்துக் கெடுத்துவிடுகிறது. அது காலில் வந்தால் எல்லோருக்கும் தெரிகிறது, விரைப்பையில் வந்தால் வேட்டிக்குள் மறைந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், இந்தப் புழுவால் கைகால் வீங்கியவர்கள் சுமார் 1.5 கோடிப் பேர், ஹைட்ரோசீல் வந்த ஆண்கள் சுமார் 2.5 கோடிப் பேர். கும்பகோணத்தைச் சுற்றி இந்த நோய் ஒரு காலத்தில் எவ்வளவு பரவியிருந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். இந்தியாவில் 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் திட்டம் நடந்ததால் நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. இலங்கையில் இது இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது. நீங்கள் அந்த நோய் இருந்த பகுதியில் வளர்ந்தவர் என்றால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முன்பு இரவு பத்து மணிக்கு மேல் ரத்தம் எடுத்தால்தான் நுண்புழு (அந்தப் புழுவின் குஞ்சு) தெரியும், இப்போது பகலிலேயே பார்க்கக்கூடிய அட்டைப் பரிசோதனை (கார்டு டெஸ்ட்) இருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டிஇசி மாத்திரை நுண்புழுவைக் கொல்லும், நோய் பரவுவதைத் தடுக்கும். ஏற்கெனவே நாள்பட்டுக் கோத்த நீரை அது வற்ற வைத்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது.

இப்போது உங்கள் முதல் கேள்வி, தானாகப் போகுமா. கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் போய்விடும். கிருமித்தொற்றாலோ அடிபட்டதாலோ புதிதாக வந்த நீர், அந்த மூலகாரணம் ஆறும்போது வற்றக்கூடும். உங்களுக்கு இருப்பதுபோல ஒன்றரை வருடமாக மெல்ல வளர்ந்துவரும் வீக்கம் தானாக வற்றிப்போவது அரிது. கழற்சிக்காயைப் பற்றிக் கேட்டீர்கள். அதன் பருப்பை விளக்கெண்ணெயோடு சேர்த்துப் பற்றுப் போடுவது நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் வைத்தியம், என் வீட்டுப் பெரியவர்களும் செய்தவர்கள்தான், அதை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். ஆனால் பெரியவர்களின் நாள்பட்ட ஹைட்ரோசீல் அதில் கரைந்து நான் பார்த்ததில்லை. குழந்தைக்குப் போட்டபோது பலித்ததாகச் சொல்லும் இடங்களில், பற்றுப் போடாமல் இருந்திருந்தாலும் அது வற்றியிருக்கும். விரைப்பைத் தோல் மிக மெல்லியது. பற்றுப் போட்டுத் தோல் வெந்து, உரிந்து, புண் ஆறுவதற்காகவே ஆபரேஷனை ஒரு மாதம் தள்ளவேண்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பற்று வேண்டாம். அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும், அதனால் கெடுதலும் இல்லை, நீர் குறையப்போவதும் இல்லை.

ஊசியால் நீரை எடுப்பது பத்து நிமிட வேலை. எடுத்த அன்றைக்கு வீக்கம் முழுவதும் வடிந்து பெரிய நிம்மதியாக இருக்கும். ஆனால் நீரைச் சுரக்கும் உறை உள்ளேயே இருக்கிறதே, அது சுரந்துகொண்டுதான் இருக்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ பழையபடி வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை குத்தும்போதும் உள்ளே ரத்தம் கசியவும் கிருமி போகவும் வாய்ப்பு உண்டு. பலமுறை குத்திய பிறகு வருபவர்களுக்கு உறை தடித்து ஒட்டிப்போயிருக்கும், எளிதாக முடிந்திருக்க வேண்டிய ஆபரேஷன் சிரமமாகிவிடும். இதயமோ நுரையீரலோ மயக்க மருந்தைத் தாங்காத முதியவருக்கு ஊசி நல்ல வழி, நானே செய்திருக்கிறேன். 32 வயதுக்காரருக்கு நிரந்தரத் தீர்வாக அதைச் சொல்ல மாட்டேன்.

நீரை எடுத்துவிட்டு, உறையின் இரண்டு மடிப்பும் ஒட்டிக்கொள்ளும்படி டாக்ஸிசைக்ளின், பாலிடோகனால் போன்ற மருந்தை உள்ளே செலுத்தும் முறையும் உண்டு. வெறுமனே நீரை எடுப்பதைவிட இது மேல், பலருக்கு நின்றும் போகிறது. சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படுகிறது, சிலருக்கு மருந்து போட்ட பிறகு நல்ல வலி. ஆபரேஷனோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், இந்த முறையில் தொற்று குறைவு, திரும்ப வருவது அதிகம். இனிமேல்தான் குழந்தை பெறப்போகிறவர்களுக்கு, அந்த மருந்து விந்துக் குழாயைப் பாதிக்குமா என்ற கேள்வி முழுவதும் தீரவில்லை. அந்தச் சந்தேகம் இருக்கும்வரை உங்கள் இடத்தில் இருப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வேறு மருத்துவர் மாறுபட்ட கருத்துச் சொல்லலாம், அதற்கும் இடம் உண்டு.

இனி ஆபரேஷன். பயத்தில் பாதி, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால் வருவது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள், நீங்கள் விழித்தேதான் இருப்பீர்கள். விரைப்பையின் முன்பக்கத்தில் சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறி, நீர் நிறைந்த உறையை முழுதாக வெளியே கொண்டுவருவோம். மெல்லிய உறையாக இருந்தால் நீலம் கலந்த பளபளப்போடு உள்ளிருக்கும் நீர் தெரியும். அதைத் திறந்ததும் இளமஞ்சளாகத் தெளிந்த நீர் வரும். யானைக்கால் புழுவால் வந்ததாக இருந்தால் சில நேரம் வெண்மையாகக் கலங்கி இருக்கும். பிறகு விரையையும் அதன் பின்னால் ஒட்டியிருக்கும் விந்துக் குழாய்ச் சுருளையும் கண்ணால் பார்த்து, கையால் தடவி, சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்வோம். அதன்பின் செய்வது உறையைப் பொறுத்தது. மெல்லியதாக இருந்தால் அதை வெட்டாமல் மடித்து மடித்துத் தைத்துவிடலாம், 1964-இல் லார்டு என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் விவரித்த முறை அது, ரத்தம் வீணாவது குறைவு. நடுத்தரமாக இருந்தால் உறையை உள்வெளியாகத் திருப்பி விரைக்குப் பின்னால் தைப்போம், அதை ஜபூலே முறை என்பார்கள். தடித்த, பெரிய உறை என்றால், குறிப்பாக யானைக்கால் நோயில், பெரும்பகுதியை வெட்டியே எடுத்துவிடுவோம். எந்த முறையிலும் விரையை எடுப்பதில்லை. இதை எழுதக் காரணம், விரையையே எடுத்துவிடுவார்கள் என்று நினைத்து வருடக்கணக்கில் மருத்துவமனைப் பக்கமே வராதவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஆபரேஷனில் மருத்துவர் பொறுமை காட்ட வேண்டிய இடம் கடைசியில் வருகிறது. விரைப்பைத் தோல் தளர்வானது, உள்ளே ஒரு சிறு ரத்தக்குழாய் கசிந்தாலும் அழுத்தி நிறுத்த அங்கே எதுவும் இல்லை, ரத்தம் தேங்கிக்கொண்டே போகும். வெட்டிய விளிம்பு முழுவதையும் சுற்றிவந்து ஒவ்வொரு கசிவையும் நிறுத்திய பிறகே தையல் போட வேண்டும். பெரிய வீக்கமாக இருந்தால் ஒருநாளைக்குச் சிறு குழாய் ஒன்றை விட்டுவைப்பதும் உண்டு. அப்படியும் சிலருக்கு ரத்தம் கட்டிக்கொள்வதுதான் இந்தச் சிகிச்சையின் முக்கியமான சிக்கல். அடுத்து கிருமித்தொற்று. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் முதலில் அது கட்டுக்குள் வரட்டும். நன்றாகச் செய்த ஆபரேஷனுக்குப் பிறகு நீர் திரும்பக் கோப்பது குறைவு, ஆனால் அறவே வராது என்று யாராவது சொன்னால் அது சரியல்ல.

அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்குப் போகலாம். பலர் கலங்கிப்போவது அதற்குப் பிறகுதான். நீரை எடுத்த பின்னும் விரைப்பை வீங்கியே இருக்கிறது, கல்லாகக் கெட்டியாக இருக்கிறது, ஆபரேஷன் தோற்றுவிட்டதோ என்று இரண்டாம் வாரத்தில் ஓடி வருவார்கள். தோற்கவில்லை. திருப்பித் தைத்த திசு ஆறும்வரை வீங்கிக் கெட்டியாகத்தான் இருக்கும், அது இறங்கச் சில வாரங்கள், சிலருக்கு இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகும். இறுக்கமான ஜட்டியோ லங்கோடோ கட்டித் தாங்கி வைப்பது, முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் வைப்பது, மூன்று நான்கு வாரத்துக்கு பைக், சைக்கிள், பளு தூக்குவது, தாம்பத்தியம் எல்லாவற்றையும் தவிர்ப்பது, இவ்வளவுதான் உங்கள் வேலை. காய்ச்சல், திடீரென்று பெருகும் வீக்கம், சீழ், தாங்க முடியாத வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றே போய்க் காட்டிவிட வேண்டும். செலவைப் பற்றிக் கவலை என்றால், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பல வட்ட மருத்துவமனைகளிலும் இதை இலவசமாகச் செய்கிறார்கள்.

செய்யாமல் விட்டால் என்ன? விரை நன்றாக இருக்கிறது என்று உறுதியாகிவிட்டால், சிறிய, வலியில்லாத ஹைட்ரோசீலை அப்படியே விட்டுவைப்பதும் ஒரு முறையான வழிதான், அது புற்றுநோயாக மாறாது. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. கனம் இழுப்பது, நடக்கும்போது உராய்வது, பேண்ட் போட்டால் வெளியே தெரிவது, தாம்பத்தியத்துக்கு இடைஞ்சல், இவைதான் ஆபரேஷனுக்கான காரணங்கள். ஆனால் பத்து இருபது வருடம் மறைத்தே வைத்திருப்பது வேறு கதை. தென்னை ஏறும் ஒருவர், குறி முழுவதும் உள்ளே புதைந்து சிறுநீர் தோலில் வழிந்து புண்ணாகும் அளவுக்கு வளரவிட்டு வந்தார். மனைவிக்குத் தவிர யாருக்கும் தெரியாது. ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டதற்கு, 'எப்படிங்க ஐயா காட்டுறது' என்றார். உங்கள் டாக்டர் இதை தினமும் பார்ப்பவர். அவர் முன்னால் கூச்சப்பட வேண்டிய தேவையே இல்லை.

இப்போது அந்தப் 'பெரும்பாலும்'. பெரிய ஹைட்ரோசீலின் அழுத்தமும் வெப்பமும் நாளாக நாளாக விந்தணு உற்பத்தியைக் குறைக்குமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிறு அளவிலான ஆய்வுகளில் மாற்றம் தெரிந்திருக்கிறது, அதனால் உண்மையில் எத்தனை பேருக்குக் குழந்தை இல்லாமல் போகிறது என்பது வேறு கேள்வி. ஹைட்ரோசீலுக்குக் காரணமே பழைய தொற்றாக இருந்தால் அந்தத் தொற்று குழாயை அடைத்திருக்கலாம். ஆபரேஷனின்போது குழாய்ச் சுருளில் காயம் படும் வாய்ப்பும் சிறிதளவு உண்டு, பெரிய உறையில் அந்தக் குழாய் நீண்டு படிந்து அடையாளம் தெரியாமல் கிடக்கும் என்பதால். உங்களுக்கு ஒரு பக்கம்தான், மறுபக்கம் நன்றாக இருந்தால் அதுவே போதும். மனத்தில் உறுத்தல் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே ஒரு விந்துப் பரிசோதனை செய்து எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ளுங்கள், ஊகத்தில் தூக்கம் கெடாது.

அக்கா மகன் விஷயம் உங்களுடையதிலிருந்து வேறு. கருவில் விரை வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முன் கீழே இறங்குகிறது. இறங்கி வந்த வழி மூடாமல் இருந்தால் வயிற்று நீர் அதன் வழியாகக் கசிந்து கோத்துக்கொள்ளும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் வழி மூடி நீர் வற்றிவிடும், இரண்டு வயதுவரைகூடப் பொறுக்கலாம். அதற்கும் மேல் நீடித்தால் தொடையிடுக்கில் சிறு கீறல் போட்டு அந்த வழியைக் கட்டிவிடுவார்கள். குழந்தைக்கு ஊசி போட்டு நீர் எடுக்கவே கூடாது. வீக்கம் காலையில் சிறுத்து மாலையில் பெருத்தால் வழி திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அழும்போது தொடையிடுக்கிலும் புடைத்தால் கூடவே குடலிறக்கம் இருக்கிறதா என்று குழந்தை அறுவை மருத்துவரிடம் காட்டி, இருந்தால் தள்ளிப்போடாமல் சரிசெய்ய வேண்டும். வீக்கம் கல்லாக இறுகி, குழந்தை விடாமல் அழுது வாந்தி எடுத்தால் நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனை. உங்களுக்கும் அந்தக் குழந்தைக்கும் ஒரே நேரத்தில் இருப்பதை வைத்துப் பரம்பரை என்று முடிவு கட்ட வேண்டாம். பெரியவர்களுக்கு வரும் ஹைட்ரோசீல் பரம்பரை நோயாகக் கருதப்படுவதில்லை.

இனிக் கல்யாணத் தேதி. இந்த மாதமே ஸ்கேனை உறுதிசெய்து ஆபரேஷன் செய்துகொண்டால், ஆற இரண்டு மாதத்துக்கு மேல் கிடைக்கும், போதுமான அவகாசம்தான். இப்போது முடியாது என்றால் கல்யாணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள், வீக்கத்தோடும் கட்டோடும் மேடையில் நிற்க வேண்டியிருக்கும். கல்யாணம் முடிந்து நிதானமாக ஆடியிலோ ஆவணியிலோ வைத்துக்கொள்ளலாம், இடைப்பட்ட நாளில் நீர் இருப்பதால் எதுவும் கெட்டுவிடாது. திடீரென்று விரையில் கடும் வலி வந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. விரை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம், அப்போது நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணிடம் முன்பே சொல்லிவிடுங்கள் தம்பி. சொல்லத் தயக்கமாக இருந்தால், ஆபரேஷனுக்கு முன் டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேட்க வேண்டியதை இருவரும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.